மேல்சக்கரம் ஏன் தூக்கியது?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் நிலமும் அதன் உச்சியில் ஒரு வீடும் வாங்கி, பணி ஓய்வுக்குப் பிறகு இங்கேயே குடிவந்துவிட்டோம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் சமதளம். அதற்குக் கீழே ஓடை வரைக்கும் சரிவுதான். புல் வெட்டவும், எரு, விறகு, தண்ணீர் ஏற்றவும் 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நான்கு சக்கர இழுவை உண்டு. சீட்டுக்குப் பின்னால் இருந்த மடக்கு இரும்புச் சட்டம் பேரிக்காய் மரக் கிளைகளில் இடித்துக்கொண்டே இருந்ததால் கழற்றி ஷெட்டில் வைத்துவிட்டோம். போன வாரம் சரிவுக்குக் குறுக்காகப் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டது. பயத்தில் ஸ்டீயரிங்கை மேட்டுப் பக்கமாக ஒடித்தேன், காலையும் வெளியே ஊன்றப் போனேன். எப்படியோ வண்டி திரும்ப உட்கார்ந்தது. அவ்வப்போது வண்டி ஓட்ட வரும் தம்பி, "டயர்ல தண்ணி ஏத்துனா சரியாயிடும் சார், நான் பத்து வருஷமா ஓட்டுறேன்" என்கிறார். என் மனைவி வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். எத்தனை டிகிரி சரிவு வரை ஓட்டலாம்? குறுக்காக ஓட்டுவதா, மேலும் கீழுமாக ஓட்டுவதா? டயரில் தண்ணீர் ஏற்றினால் போதுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

இதைப் படித்து முடிக்கும் வரை அந்த வண்டியைச் சரிவில் இறக்காதீர்கள். வீட்டைச் சுற்றியிருக்கிற சமதளத்தில் ஓட்டிக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் இல்லை. கீழே மட்டும் வேண்டாம். பண்ணை இயந்திரப் பொறியாளனாக டிராக்டர் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. உங்கள் கடிதத்தில் "எப்படியோ வண்டி திரும்ப உட்கார்ந்தது" என்ற வரியை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்த "எப்படியோ" என்னவென்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு நாள் காலையில் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். வண்டி வேண்டாம், ஒரு குச்சி போதும். டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால், சக்கரம் தூக்கிய இடத்துக்கு நேர் கீழே, பள்ளத்துப் பக்கச் சக்கரம் போன வழியில் ஒரு குழி இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கத்தில் கிக்குயு புல் மெத்தை மாதிரி மண்டிக்கிடக்கும். காட்டுப்பன்றி ராத்திரியில் கிழங்குக்கும் புழுவுக்கும் தோண்டிப்போட்ட பள்ளத்தை நாலே மழையில் அந்தப் புல் மூடிவிடும். மேலே நின்று பார்த்தால் பச்சை விரிப்பு, குச்சியை விட்டால் முழங்கை ஆழம். மேட்டுப் பக்கச் சக்கரத்தை எதுவும் தூக்கவில்லை. பள்ளத்துப் பக்கச் சக்கரம் இறங்கியதால் மேலே இருந்தது எழும்பியது. அந்தக் குழியைத் தாண்டிச் சக்கரம் வெளியே வந்ததும் வண்டி உட்கார்ந்துவிட்டது. குழி இன்னும் ஓரடி நீளமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். உங்கள் வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி சரிவில் குறுக்காகப் போகிறீர்கள். மேட்டுச் சக்கரம் 10 சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்றில் ஏறினால் வண்டியின் சாய்வில் ஏறக்குறைய 6 டிகிரி கூடுகிறது. அதே நேரத்தில் பள்ளத்துச் சக்கரம் 10 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால் இன்னொரு 6 டிகிரி. ஆக, நிலம் 15 டிகிரியிலேயே இருக்க, வண்டி 27 டிகிரியில் சாய்ந்துவிட்டது. ஒரு கல்லும் ஒரு குழியும் போதும்.

சாலையில் கார் அவ்வளவு சாய்வைத் தாங்குமே, டிராக்டர் ஏன் தாங்காது என்று கேட்பவர்கள் உண்டு. டிராக்டரைப் பார்த்தால் நான்கு கால் தெரியும். உண்மையில் அது ஒரு முக்காலி. முன்பக்க அச்சு வண்டியோடு இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. நடுவில் ஒரே ஒரு ஆணி மேல் தராசுக்கோல் மாதிரி ஆடும்படி வைத்திருப்பார்கள். மேடு பள்ளமான வயலில் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் வண்டியைத் தாங்குகிற இடங்கள் மூன்றுதான்: இரண்டு பின்சக்கரங்கள், முன் அச்சின் நடுவில் இருக்கும் அந்த ஆணி. இந்த மூன்றையும் கோட்டால் இணைத்தால் முன்னால் கூம்பிக்கொண்டு போகும் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் எடை மையம் அதற்குள் இருக்கும் வரைதான் வண்டி நிற்கும். முன்சக்கரங்கள் எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும், சாயத் தொடங்கும் அந்த நேரத்தில் அவற்றால் உதவி கிடையாது. அச்சு ஆடி முடித்து அதன் தடுப்பில் முட்டிய பிறகுதான் அவை முட்டுக்கொடுக்கும். அதற்குள் பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும்.

அதிலும் நம் ஊரில் விற்கும் மினி டிராக்டர்கள் சமவெளித் தோட்டங்களை மனதில் வைத்து ஒடுக்கமாகச் செய்யப்பட்டவை. பருத்தி வரிசைக்கு நடுவே போக வேண்டும், திராட்சைப் பந்தலுக்குள் நுழைய வேண்டும். அங்கே ஒடுக்கம் நல்லது. உங்கள் சரிவில் அதுவே எதிரி. கூடவே, கீழே வரப்பிலும் செடியிலும் இடிக்காமலிருக்க வயிற்றை உயர்த்தியும் வைத்திருப்பார்கள். ஒடுக்கமும் உயரமும் சேர்ந்த வண்டி, மலையில் பெரிய டிராக்டரைவிட நிதானமானது என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். வண்டி சிறியதாக இருப்பதால் ஆபத்தும் சிறியது என்று மனசு சொல்லிவிடுகிறது. இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் 600 முதல் 1,000 கிலோ வரை எடை உள்ளவை. அதில் பாதி ஒரு மனிதர் மேல் விழுந்தாலும் போதும்.

சரி, அன்றைக்கு நீங்கள் செய்த இரண்டு காரியங்களுக்கு வருவோம். இரண்டுமே எல்லோரும் இயல்பாகச் செய்வதுதான். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் அதையே செய்வேன் என்பார்கள்.

ஒன்று, ஸ்டீயரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தீர்கள். பஸ் வளைவில் திரும்பும்போது நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் தள்ளும். மேட்டுப் பக்கம் திரும்பினால் வண்டி பள்ளத்துப் பக்கம் தள்ளப்படுகிறது, அதாவது ஏற்கெனவே கவிழப் பார்க்கும் திசையிலேயே. பள்ளத்துப் பக்கம் திரும்பினால் தள்ளுவிசை மேட்டுப் பக்கம் வேலை செய்யும், வண்டியின் மூக்கும் சரிவோடு நேராகிவிடும். ஆகவே சக்கரம் தூக்கினால் மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் திருப்ப வேண்டும். பிரேக்கை அழுத்தாமல், கிளட்சைத் தொடாமல், தூக்கியிருக்கும் கருவியைத் தரைக்கு இறக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். கீழே திரும்ப இடமில்லாமல் கல்கட்டோ மரமோ இருக்கிறதென்றால், அந்த இடத்தில் குறுக்காகப் போயிருக்கவே கூடாது. உங்களைக் காப்பாற்றிய இன்னொரு விஷயம், நீங்கள் மெதுவாகப் போனது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகும்.

இரண்டாவது, கால். 700, 800 கிலோ வண்டியை ஒரு காலால் யாராலும் தாங்க முடியாது என்பது அமைதியாக உட்கார்ந்து யோசித்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் காலை ஊன்றச் சொல்வது அறிவு இல்லை, உடம்பு. சைக்கிள் பழகிய காலத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. அதைப் புத்திசொல்லி மாற்ற முடியாது. பெல்ட் போட்டுத்தான் மாற்ற முடியும். பெல்ட் போட வேண்டுமென்றால் ஷெட்டில் இருக்கிற அந்தச் சட்டம் திரும்ப வண்டிக்கு வர வேண்டும்.

அந்தச் சட்டம் சும்மா வைத்த இரும்பு இல்லை ஐயா. வண்டி பக்கவாட்டில் சாயும்போது முதலில் தரையைத் தொடுவது அதன் மூலைதான். பெரும்பாலும் அதோடு உருளுவது நின்றுவிடும், முழுசாகக் குப்புற விழாது. விழுந்தாலும் சட்டத்துக்கும் சீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் உயிரோடு இருக்கத் தேவையான இடம் மிஞ்சும். அந்த இடத்துக்குள் உங்களைப் பிடித்துவைப்பதுதான் பெல்ட்டின் வேலை. இரண்டும் ஜோடி. சட்டம் இருந்து பெல்ட் போடாவிட்டால், வெளியே எறியப்பட்டு அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளலாம். சட்டம் இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டால், கவிழும் வண்டியோடு உங்களைக் கட்டிப்போட்ட மாதிரி. அதனால்தான் சட்டம் கழற்றியோ மடக்கியோ இருக்கும்போது பெல்ட் போடக் கூடாது என்று கையேடுகளிலேயே எழுதியிருப்பார்கள். சுவீடனில் புது டிராக்டர் எதுவும் இந்தச் சட்டம் இல்லாமல் விற்கக் கூடாது என்று 1959லேயே கட்டாயமாக்கினார்கள். அதன் பிறகு அந்த நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை பெருமளவு குறைந்துபோனது. நம்மிடம் வந்து சேரும்போது அது கிளையில் இடிக்கும் பொருளாகிவிடுகிறது. பல இடங்களில் இதைப் பார்த்துவிட்டேன், பார்க்கிறபோதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பேரிக்காய்க் கிளையை வெட்டுங்கள். காய்ப்பு முடிந்ததும் எப்படியும் கவாத்துச் செய்யத்தான் வேண்டும், தாழ்ந்த கிளைகளை அப்போது எடுத்துவிடலாம். முடியாத இரண்டு மூன்று மரங்களுக்கு அடியில், அது சமதளமாக இருந்தால் மட்டும், சட்டத்தை மடக்கிப் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்வாருங்கள். வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்டு ஆணியைப் போடுங்கள். பட்டறையில் குழாயை வளைத்து வேறொரு சட்டம் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சோதனை செய்யப்பட்ட இரும்பு இல்லை, வேண்டிய நேரத்தில் மடங்கிவிடும். பழைய சட்டத்தில் துளை போடுவதும், விரிசலை வெல்டிங்கால் மூடுவதும் அதே மாதிரிதான்.

இனி உங்கள் முதல் கேள்வி, எத்தனை டிகிரி. முதலில் அளக்க வேண்டும். நீங்கள் எங்கேயும் அளந்ததாக எழுதவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்கிற சரிவை நான் நம்புவதே இல்லை. கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் ஒன்று, சரியாக ஒரு மீட்டர் நீளத்தில் நேரான பலகை ஒன்று, அளவுநாடா ஒன்று, இவ்வளவுதான். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் வையுங்கள். மறு முனையைத் தூக்கி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அந்த முனையிலிருந்து தரை வரை எவ்வளவு என்று அளந்தால் முடிந்தது. பதினேழரை சென்டிமீட்டர் என்றால் 10 டிகிரி, 27 என்றால் 15 டிகிரி, 36 என்றால் 20 டிகிரி. பத்தடிக்கு ஒரு தடவை அளந்து, அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, 15 டிகிரியைத் தாண்டுகிற குச்சிகளுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டுங்கள். சராசரி எடுக்காதீர்கள். வண்டி சராசரியில் கவிழ்வதில்லை, மோசமான அந்த ஓரடியில்தான் கவிழ்கிறது.

வண்டியின் கையேட்டில் சரிவு எல்லை கொடுத்திருந்தால் அதுவே முதல் வார்த்தை. இல்லையென்றால் என் அளவைச் சொல்கிறேன். குறுக்காக ஓட்டுவது 8 டிகிரி வரை, அதுவும் முந்தைய நாள் நடந்து பார்த்துக் குழியெல்லாம் மூடிய நிலத்தில். அதற்கு மேல் 15 டிகிரி வரை நேராக மேலும் கீழும் மட்டும், மண் காய்ந்திருக்கும்போது மட்டும், நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு மட்டும். 15க்கு மேல் டிராக்டரே கிடையாது. சிலர் 20 வரை போகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உங்களிடம் சொல்வார்கள். ஆனவர்கள் வந்து சொல்ல முடிவதில்லை. அகலமான இரட்டைச் சக்கரம் போட்ட, சரிவுக்கென்றே தாழ்வாகச் செய்த புல்வெட்டி டிராக்டர்கள் ஐரோப்பிய மலைப்பகுதிகளில் இருக்கின்றன. அவை போகும் சரிவைக் காட்டி உங்கள் வண்டியும் போகும் என்று நினைக்கக் கூடாது.

நேராக ஓட்டுவதிலும் முறை இருக்கிறது. பின்னால் புல்வெட்டி மாட்டியிருக்கும்போது உங்கள் வண்டியின் கனமான பக்கம் பின்பக்கம். கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். ஆகவே ஏறுவது ரிவர்ஸில், இறங்குவது முன்னோக்கி. முன்னோக்கி ஏறினால் பின்னால் தொங்கும் எடை மூக்கைத் தூக்கும். பின்பக்கமாகக் கவிழ்வதுதான் எல்லாவற்றிலும் வேகமானது. முன்சக்கரம் எழும்பத் தொடங்கிய நேரத்திலிருந்து முக்கால் நொடியில் திரும்பிவர முடியாத நிலையைத் தாண்டிவிடும், ஒன்றரை நொடியில் வண்டி தலைகீழாகத் தரையில் இருக்கும். "கிளட்சை மிதிச்சிடுவேன் சார்" என்பார்கள். மிதிக்க வேண்டும் என்று தோன்றிக் கால் நகர்வதற்கே முக்கால் நொடி ஆகிவிடும். பத்து வருட அனுபவம் இதில் ஒரு கால் நொடியைக்கூடக் குறைக்காது. அந்தத் தம்பியிடம் இதை அன்பாகச் சொல்லுங்கள். அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இறங்கும்போது கவனிக்க வேண்டியது பிரேக். பெரும்பாலான மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். இறக்கத்தில் எடையெல்லாம் முன்னால் போய்விட, பின்சக்கரம் லேசாகி, பிரேக் பிடித்தும் சறுக்கிக்கொண்டே போகும். நான்கு சக்கர இழுவையைப் போட்டிருந்தால் முன்சக்கரங்களும் இன்ஜினோடு சேர்ந்து பிடிக்கும். அதனால் இழுவை ஏறுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், இறங்குவதற்குத்தான் அது முக்கியம். இடது வலது பிரேக் பெடல்களைத் தாழ்ப்பாள் போட்டு ஒன்றாக்கிவிடுங்கள். தனித்தனியாக இருந்து ஒன்றை மட்டும் அழுத்திவிட்டால் வண்டி சட்டென்று குறுக்கே திரும்பிவிடும். மேலே நிற்கும்போதே தாழ்ந்த கியரைப் போட்டுவிட வேண்டும், நடுச் சரிவில் கியர் மாற்றக் கூடாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் மலையிலும் சிலருக்கு இருக்கிறது. உங்கள் நிலத்தில் அதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

காலையில் ஓட்டாதீர்கள். உங்கள் பக்கத்தில் பனி காய்வதற்கே பத்து மணி ஆகிவிடும். ஈரமான கிக்குயு புல்லும், உதிர்ந்த சில்வர் ஓக் சருகும் டயருக்கு அடியில் எண்ணெய் மாதிரி. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பிடிக்கும் இடம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் செம்மண் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஊறிப்போயிருக்கும். அந்த இரண்டு மாதமும் வண்டி சமதளத்தை விட்டு இறங்க வேண்டாம். கல்கட்டு ஓரங்களில் எப்போதுமே, கட்டு எவ்வளவு உயரமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி ஓட்டுங்கள். ஆறடிக் கட்டு என்றால் ஆறடி தள்ளி. மழைக்குப் பிறகு கட்டு வயிறு தள்ளியிருந்தால் அதற்கு மேலேயும் போகக் கூடாது, கீழேயும் நிற்கக் கூடாது.

டயரில் தண்ணீர் ஏற்றுவது நல்லதுதான், தம்பி சொன்னது தப்பில்லை. பின் டயர்களில் வால்வை உச்சியில் வைத்து, அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றலாம். எடை கீழே வருகிறது, பிடிமானம் கூடுகிறது. அதைவிட நல்லது, பின்சக்கர ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டுவது. உங்கள் மாடலில் அதற்கு வசதி இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆனால் இரண்டும் 8 டிகிரியை 20 டிகிரியாக்காது. ஏற்கெனவே பத்திரமாக இருக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் பத்திரமாக்கும், அவ்வளவுதான். சறுக்கினால் அந்த எடையும் சேர்ந்தே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொண்டுவருவதைப் பற்றி ஒரே வார்த்தையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. ஓடையிலிருந்து டிரெய்லரில் டேங்க் வைத்துக் கொண்டுவருகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். அரைகுறையாக நிரம்பிய டேங்க், நிரம்பியதைவிட மோசம். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீர் ஓடி, இன்னும் சாய்க்கும். இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். கொஞ்சம் கோணலாக நின்றால் வண்டியைக் குறுக்கே மடக்கிவிடும். தண்ணீருக்கு ஒரு சின்ன மோட்டாரும் குழாயும் போட்டுவிடுங்கள். எருவையும் விறகையும் மேல் சாலையிலிருந்து சமதளத்துக்குக் கொண்டுவருவதற்கு மட்டும் டிரெய்லர் இருக்கட்டும்.

விறகு என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்த விபத்துக்குக் காரணம் என்னவென்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெட்டிப்போட்ட சில்வர் ஓக் அடிமரத்தைச் சரிவில் மேலே இழுத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் கொக்கியில் மாட்டினால் சங்கிலி தரையில் உரசுகிறது என்று, பின்னால் மேலே, கருவியைப் பிடித்துக்கொள்ளும் கம்பியான டாப் லிங்க் மாட்டும் முனையில் கட்டியிருந்தார்கள். மரம் ஒரு வேரில் மாட்டி நின்றுவிட்டது. பின்சக்கரம் நிற்கவில்லை. நான் போனபோது வண்டி மல்லாந்து கிடந்தது, சங்கிலி இன்னும் விறைப்பாகவே இருந்தது, கியர் லிவர் முதல் கியரில் இருந்தது. பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு மஞ்சள் பையில் சாப்பாட்டு டப்பா தொங்கிக்கொண்டிருந்தது, திறக்கவே இல்லை. அந்தப் பையன் நல்ல ஓட்டுநர் என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். கொக்கிக்கும் டாப் லிங்க்குக்கும் இரண்டடி வித்தியாசம்கூட இருக்காது. இழுப்பது எதுவாக இருந்தாலும் கீழ்க் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். சரிவில் மரத்தை டிராக்டரால் இழுக்கவே வேண்டாம், அங்கேயே துண்டு போட்டு ஆளை வைத்துத் தூக்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் கீழ் நிலத்தை என்ன செய்வது? சிவப்புத் துணி கட்டிய குச்சிகளுக்குக் கீழே பிரஷ் கட்டர்தான். தோளில் மாட்டிக்கொண்டு, பூட்ஸும் முகக் கவசமும் போட்டு, ஓர் ஆள் நாள் முழுக்க வெட்டலாம். அதுவும் வருடம் முழுக்கத் தேவையில்லை. உங்களுக்கு அங்கே புல்தரை வேண்டுமா, இல்லை மண் நிற்க வேண்டுமா என்று நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். மண் நின்றால் போதும் என்றால் சமஉயரக் கோட்டில் வெட்டிவேர் வரிசைகள் நட்டுவிட்டு, நடுவே உள்ளூர் மரக்கன்றுகளை விட்டுவிடலாம். மூன்று நான்கு வருடத்தில் வெட்ட வேண்டிய புல்லே குறைந்துவிடும். ஊட்டியில் இருக்கும் இந்திய மண், நீர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இந்த மலைச் சரிவுகளைப் பற்றியேதான் பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. ஒரு தடவை நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். சரிவையே வெட்டிப் படிக்கட்டாக்கிவிடலாம் என்று மண் அள்ளும் இயந்திரக்காரர்கள் சொல்வார்கள். நீலகிரியில் அந்த இயந்திரத்தை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அந்தக் கட்டுப்பாடு காரணமில்லாமல் வரவில்லை. 2009 நவம்பர் மழையில் உங்கள் பக்கத்து மலைகள் எப்படிச் சரிந்தன என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள்.

வண்டியை நிறுத்துவதும் சமதளத்தில்தான். வேறு வழியில்லாமல் சரிவில் நிறுத்த நேர்ந்தால் கருவியைத் தரைக்கு இறக்கி, இன்ஜினை அணைத்துத் தாழ்ந்த கியரில் விட்டு, கைப்பிரேக் போட்டு, பள்ளத்துப் பக்கம் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். தேருக்குக் கட்டை போடுகிறவர் எப்படிப் பக்கவாட்டில் நின்று போட்டுவிட்டு விலகுகிறாரோ, அப்படி. வண்டிக்கு நேர் கீழே நின்று போடக் கூடாது. மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், ஊரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து அழுதாலும் சரி. சட்டம் காப்பாற்றுவது ஒரே ஒருவரைத்தான், பெல்ட்டும் ஒன்றுதான் இருக்கிறது. கீழே போகும்போது வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஓடைப் பக்கம் செல்போன் சிக்னல் இருக்காது, கழுத்தில் ஒரு விசில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி சொன்னதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். வண்டியை விற்க வேண்டாம். ஆனால் அவர் பயப்படுவது சரி. கீழ்ப் பாதி நிலத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுக்க நியாயம். குச்சி நடும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள், சிவப்புத் துணியை அவர் கட்டட்டும். எது வரை வண்டி வரலாம் என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. அந்தக் கோட்டைத் தாண்டி வண்டி போனால் மேலே இருந்தே அவர் பார்த்துக் கூப்பிட முடியும்.

அந்தச் சட்டத்தை இந்த வாரமே மாட்டுங்கள். கழற்றிய போல்ட்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கடையில் கிடைத்ததைப் போடாமல், தலையில் எழுதியிருக்கும் எண்ணைக் காட்டி அதே வலிமையுள்ளதை வாங்குங்கள். மெக்கானிக் முறுக்கிக் கொடுத்த பிறகு பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். பழைய வண்டி என்கிறீர்கள், பூட்டு துருப்பிடித்திருக்கலாம். பூட்டினால் விடாமல் பிடிக்க வேண்டும், அழுத்தினால் உடனே கழன்று வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் புது பெல்ட் வாங்கிய பிறகே வண்டியை எடுங்கள். குச்சி நட்டு அளந்த கணக்கை ஒரு தாளில் வரைந்து அனுப்பினால், எந்த வரிசையில் வண்டி போகலாம் என்று கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.